வர்த்தக நிரலின் நம்பகத்தன்மையை எங்கே தேடுவது?

தானியங்கி வர்த்தக பாட் (பங்குகளைத் தானே வாங்கி விற்கும் நிரல்) ஒன்றை மதிப்பிடச் சொன்னால் பலரும் முதலில் லாபக் கணக்கைத்தான் புரட்டுகிறார்கள். லாபம் உத்தியின் தரத்தைக் காட்டலாம். நிரல் இடறாமல் இயங்குமா என்பதைக் காட்டாது. பழைய சந்தைத் தரவில் உத்தியை ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்ட்டில் இணையம் அறுவதில்லை, தரகு நிறுவனத்தின் சர்வர் பதில் சொல்லாமல் இருப்பதுமில்லை.

பதில் வராத அந்தத் தருணத்தைத்தான் நான் முதலில் சோதிப்பேன். நூறு பங்குகளை வாங்க ஆர்டர் போகிறது. பதில் வருவதற்குள் காத்திருப்பு நேரம் முடிந்து டைம் அவுட் ஆகிறது. ஆர்டர் போய்ச் சேரவே இல்லையா, அல்லது நிறைவேறிய பின் பதில் மட்டும் வழியில் தொலைந்ததா என்பது நிரலுக்குத் தெரியாது. நிரலின் செயல்பதிவான லாகில் ‘டைம் அவுட்’ என்ற வரிக்கு அடுத்த வரியே ‘மீண்டும் அனுப்பப்பட்டது’ என்றிருந்தால், கணக்கில் இருநூறு பங்குகள் ஏறியிருக்கக்கூடும். பொறுப்பாக எழுதப்பட்ட நிரலோ, ஆர்டரை அனுப்பும் முன்பே அதற்கொரு தனி அடையாள எண்ணை உருவாக்கிச் சேமித்துக்கொண்டு, அந்த எண்ணை வைத்துத் தரகரிடம் நிலையை விசாரித்து, விடை கிடைக்கும்வரை அந்தப் பங்கில் கைவைக்காமல் காத்திருக்கும். நூறில் நாற்பது மட்டும் நிறைவேறியிருந்தாலும் இதே விசாரணைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இதைச் சோதிக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. டெமோ கணக்கில் ஆர்டர் போன மறுகணமே நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தி, மீண்டும் தொடங்கி, அது சொல்லும் இருப்பும் தரகரின் இருப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும். நஷ்டம் குறிப்பிட்ட அளவைத் தொட்டால் பங்கை விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் தரகரிடம் பதிவாகியிருக்கிறதா, நிரலின் நினைவகத்தில் மட்டும் இருந்ததா என்பதும் அப்போதே வெளிப்பட்டுவிடும்.

‘99.9 சதவீத நேரமும் இயங்குகிறது’ என்ற விளம்பரத்துக்கு நான் மதிப்பளிப்பதில்லை. 30 நாள் மாதத்தில் மீதமுள்ள 0.1 சதவீதம் ஏறக்குறைய 43 நிமிடங்கள். அதைவிட முக்கியம், நிரல் நின்றுபோவதைக் காட்டிலும் தவறாக ஓடிக்கொண்டிருப்பதே ஆபத்து. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் நிறுவப்படாமல் விடுபட, அதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, கேட்ட அளவு நிறைவேறிவிட்டதை உணராமல் ஆர்டர்களை அனுப்பித் தள்ளியது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு. சந்தை திறக்கும் முன்பே பிழையைக் குறிப்பிடும் தானியங்கி மின்னஞ்சல்கள் நிறுவனத்துக்குள் போயிருந்தன. யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை.

ஆகவே, நிமிடத்துக்கு இத்தனை ஆர்டர், மொத்தம் இவ்வளவு பொசிஷன் (கையில் வைத்திருக்கும் பங்குகளின் அளவு) என்ற வரம்புகள் வர்த்தக நிரலுக்கு வெளியே, அதனால் மாற்ற முடியாத தனி நிரல் ஒன்றில் இருக்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் புதிய ஆர்டர்களைத் தடுப்பதோடு நிற்குமா, நிலுவையில் உள்ளவற்றையும் ரத்து செய்யுமா, கையில் உள்ள பொசிஷனை என்ன செய்யும் என்பதையும் சந்தை அமைதியாக இருக்கும் நாளிலேயே அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.