நுரையோடு மல்லுக்கட்டும் வேலை

தரமணியில் ஒரு ஆய்வகத்தில் நொதித்தல் பிரிவில் இருக்கிறேன். தண்ணீர், குளிர்பானம் வரும் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலை நொதிகளால் உடைத்தால் டெரிப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் கிடைக்கும். இந்த இரண்டையும் தின்னும்படி மரபணு மாற்றிய சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியாவுக்கு அவற்றைக் கொடுத்து, ராம்னோலிப்பிட் எடுப்பதுதான் வேலை. சோப்பு போல எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், மண்ணில் எளிதில் மக்கிவிடும் பொருள் அது. இயற்கையில் இதை நிறையச் சுரப்பது சூடோமோனாஸ் ஏருஜினோசா. ஆனால் அது ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் தொற்றும் கிருமி. அதனால் அந்த மரபணுக்களை மட்டும் சாதுவான புட்டிடாவுக்கு மாற்றுகிறார்கள்.

விஷயம் தெரிந்தவுடன் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "அப்போ அந்த பாக்டீரியாவைக் கொடுங்கையூர் குப்பைமேட்டுல கொண்டுபோய்க் கொட்டிட வேண்டியதுதானே?" முடியாது. மரபணு மாற்றிய உயிரி, அதை வளர்க்கும் மூடிய கலனைத் தாண்டக் கூடாது. மிச்சக் கரைசலைக்கூட பிரஷர் குக்கர் போன்ற ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கொன்ற பிறகே அப்புறப்படுத்துகிறோம்.

உண்மையான பாடு நுரைதான். செல்கள் வளரக் காற்று வேண்டும், அவை சுரப்பதோ சோப்பு. காற்றைத் திறந்ததும் பால் பொங்குவது போல நுரை எழும்பி, மேலே போய், வெளியேறும் காற்றுக்கான ஃபில்டரை நனைத்துவிடும். நனைந்த ஃபில்டர் அடைக்கும், கலனுக்குள் அழுத்தம் ஏறும். சிலிக்கான் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஆனால் அப்புறம் பொருளைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. எனவே நுரையை அடக்காமல் வேறொரு கலனுக்கு வழிய விடுகிறோம். ராம்னோலிப்பிட் நுரையில்தான் செறிவாக இருக்கிறது. செல்களும் கொஞ்சம் கூடவே போய்விடுகின்றன. அதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு எளிய சோதனை. பெட்ரி தட்டில் தண்ணீர், அதன்மேல் கச்சா எண்ணெய்ப் படலம். நடுவே கலன் திரவம் ஒரு சொட்டு விட்டால் எண்ணெய் ஓரத்துக்கு ஓட, நடுவில் தெளிந்த வட்டம் விழும். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் கசிந்த எண்ணெயை ஆட்கள் பக்கெட்டில் அள்ளியது அப்போதெல்லாம் ஞாபகம் வரும்.

மூலப்பொருளுக்காகக் காயலான் கடைகளுக்கும் போகிறேன். மூடி, லேபிளைப் பிரித்துவிட வேண்டும். மூடி வேறு பிளாஸ்டிக், பெட்டை வெட்டும் நொதி அதைத் தொடாது. ஒரு கடையில் தரம் பிரிக்கும் அக்கா கண்ணால் பார்த்தே ஒதுக்குகிறார். "வெள்ளை பாட்டிலுக்கு எப்பவும் ஆள் இருக்கு தம்பி, கலரைத்தான் யாரும் சீண்ட மாட்டாங்க" என்றார். அவர் சொல்வது சரி. நிறமற்ற பாட்டில் ஏற்கெனவே பாலியஸ்டர் நூலாகப் போகிறது. அதற்கு நாங்கள் போட்டி போடுவதில் அர்த்தமில்லை. நாங்கள் எடுக்க வேண்டியது அழுக்கான கலர் பாட்டிலையும், பருத்தி கலந்த பாலியஸ்டர் துணியையும்தான். அடுத்த சுற்றுக்குக் கலர் பாட்டில் மட்டும் கேட்டிருக்கிறேன். பச்சைச் சாயம் செல்களை என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.