கிராம் நெகட்டிவ் செல் சுவர்: வைவாவுக்கு நான் படித்த விதம்

மைக்ரோபயாலஜி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் செல் சுவரைப் பற்றிய கேள்வி வராமல் போவது அபூர்வம். படம் போட்டு அடுக்குகளின் பெயரைச் சொல்லிவிடலாம். "சரி, அதனால் நோயாளிக்கு என்ன ஆகும்?" என்று அடுத்து கேட்பார்கள் பாருங்கள், அங்கேதான் பலருக்கும் வாயடைத்துப் போகிறது. தர்மபுரியில் எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு படித்தபோது எனக்குக் கைகொடுத்த வழியைச் சொல்கிறேன். நர்சிங், டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் இது உதவும்.

புத்தகத்துக்கு முன்னால், கிராம் சாயம் போடும் ஸ்லைடைப் பிடியுங்கள். கிரிஸ்டல் வயலெட், அயோடின், அடுத்து ஆல்கஹால். ஸ்லைடைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதா வழிந்து இறங்கும். வழிவது நின்றதும் உடனே தண்ணீரில் கழுவ வேண்டும். கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வை ஆல்கஹால் சிதைத்துவிடும். உள்ளே இருக்கும் பெப்டிடோகிளைகான் என்ற மெல்லிய வலை அடுக்கால் ஊதாவைப் பிடித்து வைக்க முடியாது. அதனால்தான் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் போட்டதும், கிராம் நெகட்டிவான ஈ.கோலை இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. 1884-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் இந்த முறையை வெளியிட்டபோது, சுவரின் அமைப்பே யாருக்கும் தெரியாது!

அப்புறம் வெளிச்சவ்வில் இருக்கும் எல்பிஎஸ் (லிப்போபாலிசாக்கரைடு). நேரத்தை இதில் போடுங்கள். இதன் அடிப்பகுதியான லிப்பிட் ஏ-தான் எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாவின் உடலோடு சேர்ந்த நச்சு. பாக்டீரியா உடையும்போது நிறைய வெளியே வரும். மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்லின் டிஎல்ஆர்-4 ஏற்பி அதை உணர்ந்ததும், டிஎன்எஃப், ஐஎல்-1 என்ற அழற்சிப் புரதங்கள் சுரக்கும். காய்ச்சல் ஏறும், முற்றினால் ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தான செப்டிக் ஷாக் வரை போகும். எல்பிஎஸ்ஸின் நடுவில் இருப்பது கோர், வெளிநுனியில் ஓ ஆன்டிஜன்.

பாலக்கோட்டில் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது எடுத்த வைடல் (டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் 'ஓ', 'எச்' என்று தனித்தனி வரிகள் இருந்தன. அந்த 'ஓ' இந்த நுனிதான், 'எச்' என்பது ஃபிளஜெல்லா, பாக்டீரியா நீந்த உதவும் வால் போன்ற இழை. அதைப் பார்த்தபின் பாடம் மறக்கவே இல்லை. ஆனால் ஒரே ஒரு வைடலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டாதீர்கள், ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர்தான் உறுதி.

போரின் (வெளிச்சவ்வில் இருக்கும் புரத வாசல்), பெரிபிளாசம் (உள், வெளிச் சவ்வுகளுக்கு நடுவே உள்ள இடம்) இரண்டையும் மருந்தோடு சேர்த்தே படியுங்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பெரிய மூலக்கூறு, போரின் வழியாக நுழையாது. பெரிபிளாசத்தில் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதி காத்திருந்து பெனிசிலினை உடைக்கும்.

தேர்வுத்தாளில் படத்தின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஓர் அம்புக்குறி இழுத்து, அதன் விளைவை எழுதுங்கள். முடிந்தால் இதையும் சேருங்கள்: 121 டிகிரி ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கருவியில்) பாக்டீரியா செத்தாலும் எண்டோடாக்சின் அழியாது, கண்ணாடிப் பாத்திரங்களில் அதை ஒழிக்க 250 டிகிரி உலர் வெப்பம் அரை மணி நேரம் வேண்டும்.