கோத்தகிரிக் கொதி

மே 3

காலையிலேயே தம்பி மெல்பர்னிலிருந்து கூப்பிட்டான். "அண்ணா, வீட்ல பீர் போட இனிமே கிட் வாங்கறதா இல்ல. மால்ட் எக்ஸ்ட்ராக்டுக்கு மாறப் போறேன்."

அங்கிருந்து மூட்டை கட்டியபோது என் பீர் வாளியையும் காலி பாட்டில்களையும் அவனிடம்தான் விட்டுவிட்டு வந்தேன். அங்கே இருந்த ஒன்பது வருடமும் நான் கிட்டைத் தாண்டியதில்லை. கூப்பர்ஸ் கம்பெனியின் மால்ட் பாகு டப்பா 1.7 கிலோ, மூடிக்கு அடியில் ஈஸ்ட் பொட்டலம், ஒரு கிலோ சர்க்கரை, கரைக்கக் கொஞ்சம் வெந்நீர். மீதிக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து 23 லிட்டர் ஆக்கி ஈஸ்டைத் தூவினால் வேலை முடிந்தது. கெட்டிலைத் தவிர வேறெதுவும் சூடாகாது. கலக்கிவிட்டு, காய்ச்சினேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

மே 4

கிட்டும் மால்ட்தானே, அப்புறம் என்ன பெரிய மாற்றம் என்று வீட்டில் கேட்டாள். நியாயமான கேள்வி. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த இனிப்பு நீரைச் சுண்டவைத்தால் எக்ஸ்ட்ராக்ட். பார்க்க வெல்லப்பாகு மாதிரியே இருக்கும். கிட்டில் இதோடு ஹாப்ஸின் கசப்பையும் அவர்களே சேர்த்துவிடுகிறார்கள். ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ. வெறும் எக்ஸ்ட்ராக்டில் கசப்பு கிடையாது. ஹாப்ஸ் வாங்கி, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு நாம்தான் இறக்க வேண்டும். சர்க்கரையும் வேண்டாம். வெறும் சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்றுவிடும். போதை ஏறும், வாயில் தண்ணியாக நிற்கும். என் பழைய பீர் எல்லாம் அப்படித்தான் இருந்தது. அப்போது சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன்.

மே 7

அவன் அங்கே காய்ச்சலாம். விற்காதவரை சட்டம் தடுக்காது. இங்கே 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, வீட்டில் பீர் போட முடியாது. ஆனால் ஈஸ்ட் போடும்வரை அது வெறும் மால்ட் கஷாயம்தானே? அதுவரைக்கும் நானும் செய்து பார்க்கிறேன் என்றேன். மைத்துனர் போன மாதம் வந்தபோது கொண்டுவந்த கேஸ்கேட் ரக ஹாப்ஸ் 50 கிராம், ஃப்ரீசரில் பட்டாணிக்குப் பின்னால் கிடக்கிறது. வெளியில் வைத்தால் நாளாக நாளாகப் பழைய சீஸ் நாற்றம் வந்துவிடும். கோயம்புத்தூரில் பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் ஒரு கிலோ சொல்லியிருக்கிறேன். ரொட்டிக்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், பாதி உண்மை.

மே 10

காய்கறிக் கண்காட்சிக் கூட்டத்தில் கார்கள் நகரவில்லை. வெளியே போகாததற்குச் சாக்கு கிடைத்தது.

தண்ணீர் சூடானதும் அடுப்பை அணைத்துவிட்டு 500 கிராம் மால்ட்டை ஊற்றினேன். எரியும் அடுப்பில் ஊற்றினால் நேரே கீழே போய் அடிப்பிடிக்கும். கலக்கிவிட்டு மறுபடி பற்றவைத்தேன். கொதி வந்த நிமிடம் நுரை ஏறிய வேகத்தைப் பாலில்கூடப் பார்த்ததில்லை. கரண்டியால் அடித்து, தீயைக் குறைத்து ஒருவழியாக அடக்கினேன். பிறகு முட்டை திரிந்த மாதிரி துணுக்குகள் மிதந்தன. அது மால்ட்டின் புரதம், திரியத்தான் வேண்டும்.

8 கிராம் ஹாப்ஸ் போட்டு, தெர்மாமீட்டரை விட்டேன். 94 டிகிரி. அதற்கு மேல் ஏறவே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்றைத் தேட ஆரம்பித்தேன். "என்னங்க, இங்க பருப்பே குக்கர் இல்லாம வேகாது. மறந்துட்டீங்களா?" கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். தண்ணீர் இங்கே 94-லேயே கொதித்துவிடும். ஹாப்ஸின் அமிலம் கொதியில் உருமாறினால்தான் கசப்பு நீரில் இறங்கும். சூடு குறைந்தால் அதுவும் மெதுவாகத்தான் நடக்கும். மெல்பர்னின் 60 நிமிடம் இங்கே 60 நிமிடம் இல்லை.

சரி, குக்கரிலேயே போடுங்கள் என்றாள். ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன். அந்த நுரையும் ஹாப்ஸ் தூளும் வெயிட் ஓட்டையை அடைத்தால் சமையலறைக் கூரை தாங்காது. 90 நிமிடம் கொதிக்கவிட்டேன், கடைசி ஐந்து நிமிடத்தில் வாசனைக்கு இன்னும் 4 கிராம். குளிர்ந்த ஜலத்தில் பாத்திரத்தை வைத்தால் சீக்கிரமே ஆறிவிட்டது. இந்த ஊரின் ஒரு வசதி. ஆறியபின் நாலு லிட்டர், ஹைட்ரோமீட்டரில் 1.036. வெறும் தண்ணீர் 1.000 காட்டும், இனிப்பு ஏற ஏற எண்ணும் ஏறும்.

பாதிக்குப் பாதி சோடா விட்டுக் குடித்தோம். முதலில் இனிப்பு, பின்னாடியே நிலவேம்பு. அவள் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டாள்.

மே 11

தம்பியின் முறை. எக்ஸ்ட்ராக்ட் 3 கிலோ, 20 லிட்டர், 1.045. நான் எச்சரித்தும் பொங்கவிட்டு அடுப்பு முழுக்கப் பாகு. நிறம் கருத்துவிட்டது என்று புலம்பினான். மால்ட் மொத்தத்தையும் முதலிலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கருக்கத்தானே செய்யும். அடுத்த முறை பாதியை முதலிலும் மீதியைக் கடைசிப் பத்து நிமிடத்திலும் போடச் சொன்னேன்.

மே 13

பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, வரும் பெரியவரிடம் மிச்சக் கஷாயத்தைக் கொடுத்தேன். மோந்து பார்த்தவர், தான் சின்னப் பையனாக இருந்தபோது இந்தச் சரிவில் பார்லி போட்டிருந்ததைச் சொன்னார். இப்போது அங்கே தேயிலை. 1915-ல் தாமஸ் லெய்ஷ்மன் ஐந்து பீர் ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் புருவரீஸ் ஆக்கினாரே, அதில் ஒன்றின் பெயரே நீலகிரி புருவரி. நான் மெல்பர்ன் போய் டப்பா வாங்கியிருக்கிறேன்.

மே 27

தம்பியின் வாளியில் 1.011, மூன்று நாளாக அசையவில்லை. ஈஸ்ட் தின்று முடித்துவிட்டது. நுரைக்காக மட்டும் 140 கிராம் சர்க்கரை கலந்து பாட்டிலில் அடைத்தான். கணக்குப்படி ஆல்கஹால் 4.5 சதவீதம் சொச்சம்.

இங்கே மிச்ச மால்ட் ரொட்டிக்குப் போகிறது. மேல்தோல் நன்றாகச் சிவந்து வருகிறது. இவள் இதை முதல் நாளே சொன்னாளாம்.

ஜூன் 14

வீடியோவில் பாட்டிலைத் திறந்தான். நுரை இறங்காமல் நின்றது. கலங்கல், தேன் நிறம் தாண்டிய கருப்பு. குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கிட் பீர்ல கசப்பு முன்னாடியே வந்து நிக்கும்ணா. இது குடிச்சு முடிச்சப்புறம் வருது."

"நல்லா இருக்கா?"

"உன் காலத்து பீர் மாதிரி இல்ல" என்றான். பாராட்டா கிண்டலா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. ஃப்ரீசரில் இன்னும் 38 கிராம் ஹாப்ஸ் இருக்கிறது.