அவிழ்த்து விடும் நேரம்

லாயத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் என் இடது கை மோதிர விரல் பிசகியது. முரட்டுக் குதிரை எதுவும் காரணமில்லை. அங்கிருந்ததிலேயே சாதுவான, வயதான பெண்குதிரை ஒன்று. காலையில் அதை மேய்ச்சல் திடலுக்குக் கூட்டிப் போவது என் வேலை. கொஞ்ச தூரம்தான். அன்று கயிற்றின் மிச்சத்தைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடந்தேன். சுற்றினால் பிடி உறுதியாக இருக்கும் என்று நினைப்பு. எங்கோ ஒரு தகரம் சரிந்து விழுந்தது. குதிரை தலையைத் தூக்கி ஒரே ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தது. அதற்குள் சுற்று இறுகிவிட்டது. நல்ல வேளை, அது ஓடவில்லை. ஓடியிருந்தால் தரையில் தேய்த்துக்கொண்டே என்னையும் இழுத்துப் போயிருக்கும்.

லாயத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். வந்து விரலைப் பார்த்தார், திட்டவில்லை. கயிற்றை வாங்கி, மிச்சத்தை இப்படியும் அப்படியுமாக மடித்து, மடிப்புகளின் நடுவில் பிடித்துக் காட்டினார். "இழுத்தா ஒவ்வொரு மடிப்பா உருவிக்கிட்டுப் போகணும் தம்பி. கயிறு போனா இன்னொரு கயிறு இருக்கு" என்றார். அன்றிலிருந்து கையுறை போடாமல் நான் எந்தக் குதிரையையும் பிடித்ததில்லை. அதன் தலையில் மாட்டும் ஹால்ட்டரின் வளையத்துக்குள் விரலை விடுவதும் அன்றோடு போயிற்று. அதுவும் ஒரு சுற்றுதானே.

அதற்கு முன் கயிற்றைத் தோளில் போட்டு முன்னால் நடந்து, குதிரையைப் பின்னால் வரவைப்பேன். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் குதிரைக்குக் கண்கள் முகத்தின் இரு பக்கமும் இருக்கின்றன. ஏறக்குறைய 350 பாகை அதற்குத் தெரியும். தெரியாத இடங்களில் முக்கியமானவை இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். மிரண்ட குதிரை முன்னால் பாய்ந்தால், அந்த இடத்தில் நடக்கிறவன் மேல்தான் வந்து விழும். 500 கிலோ உடம்பு. அதனால் தலைக்கும் தோளுக்கும் நடுவில், ஒரு கை தள்ளி நடக்கப் பழகினேன். வலது கை ஹால்ட்டருக்குக் கீழே ஓர் அடி விட்டுக் கயிற்றைப் பிடிக்கும், இடது கையில் மடிப்பு. வலது முழங்கையைச் சற்று வெளியே நீட்டி வைத்தால், குதிரை நம் பக்கம் சாயும்போது கழுத்து முதலில் முழங்கையில் இடிக்கும். நாம் தானாக விலகிவிடுவோம்.

இடப்பக்கம் நின்று பிடிப்பதுதான் பழைய வழக்கம். வீரர்கள் வாளை இடுப்பின் இடப்பக்கம் தொங்கவிட்டதால் அந்தப் பக்கமிருந்தே ஏறினார்கள், அதிலிருந்து வந்தது என்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் பழக்குவதுதான் சரி என்று படுகிறது. ஒரே பக்கம் பழகிய குதிரை, மறுபக்கம் ஆள் வந்து நின்றால் அந்நியனைப் பார்ப்பது போலப் பார்க்கும்.

திருப்புவதிலும் ஒரு சங்கதி உண்டு. குதிரையை நம் பக்கம் இழுத்துத் திருப்பினால் குளம்பு நம் பாதத்தில் இறங்கும். அதை வெளிப்பக்கமாகத் தள்ளி, நாம்தான் சுற்றி நடக்க வேண்டும். ஒரு நகம் கறுத்து விழுந்த பிறகே இது எனக்கு மண்டையில் ஏறியது. மிதித்த காலுக்கு அடியிலிருந்து பாதத்தை உருவ முடியாது. தோளில் கை வைத்துத் தள்ளினால் எடையை மாற்றிக் காலைத் தூக்கும்.

எனக்கு நீண்ட நாள் பிடிபடாதது, நின்றுவிடும் குதிரையை நகர்த்துவது. வெயிலிலிருந்து இருட்டான லாயத்துக்குள் கூட்டி வரும்போது ஓர் இளங்குதிரை வாசலில் நட்டு வைத்த தூண் மாதிரி நின்றுவிடும். நான் திரும்பி, அதன் முகத்தைப் பார்த்து நின்று இழுப்பேன். அதுவும் பின்னால் சாய்ந்து இழுக்கும். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பிடிவாதம் என்று திட்டியிருக்கிறேன். உண்மையில் வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் போனால் குதிரையின் கண் பழக நம்மைவிட நேரமாகும். அதற்கு முன்னால் தெரிந்தது ஒரு கருங்குழி.

மூத்தவர் அந்தக் குதிரையை இழுத்து நான் பார்த்ததில்லை. வாசலில் நிற்கவைத்து, அதன் பக்கத்தில் தானும் உள்ளே பார்த்தபடி நிற்பார். அப்புறம் கயிற்றை லேசாக, நேராக இல்லாமல் பக்கவாட்டில் இறுக்குவார். சமநிலை மாறினால் ஒரு கால் நகர்ந்தே ஆக வேண்டும். அது நகர்ந்த அதே கணம் கயிற்றைத் தளர்த்திவிடுவார். எனக்கு இறுக்குவது உடனே வந்துவிட்டது, தளர்த்துவது வரவில்லை. ஓர் அடி வைத்ததும், ஆகா, வருகிறது என்று இன்னும் இழுப்பேன். அடி எடுத்து வைத்தாலும் இழுப்பான், வைக்காவிட்டாலும் இழுப்பான் என்றால் அது ஏன் வைக்க வேண்டும்? இது என் கைக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதவிலோ ஆடும் கம்பியிலோ கட்டக் கூடாது. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு வேண்டும். கடிவாளம் மாட்டியிருந்தால் அதில் கட்டவே கூடாது, பின்வாங்கினால் வாய் கிழியும்.

ஆனால் அவிழ்ப்பதைச் சொல்லியாக வேண்டும். வேலை முடிந்தது என்று மனம் தளர்கிற இடம் அதுதான். திடலின் கதவைத் திறந்ததும், குதிரையின் முகம் புல்லைப் பார்த்திருக்க, அப்படியே ஹால்ட்டரைக் கழற்றினேன் ஒரு நாள். அது பாய்ந்து, துள்ளி, பின்னங்கால் இரண்டையும் உயர வீசியது. குளம்பு காதோரம் போன காற்று இன்னும் நினைவிருக்கிறது. அதற்கு என் மேல் கோபமெல்லாம் கிடையாது, வெறும் சந்தோஷம். இப்போது உள்ளே கூட்டிப் போய், அதை முழுவதுமாகத் திருப்பிக் கதவைப் பார்க்க நிற்க வைத்து, கதவைச் சாத்தி, அதன் பிறகுதான் கழற்றுவேன். கழற்றியதும் இரண்டடி பின்னால் போய் நிற்பேன். துள்ளுவதானால் அது திரும்பிவிட்டுத்தான் துள்ள வேண்டும்.

அந்த வயதான பெண்குதிரை துள்ளியதே இல்லை. அவிழ்த்த பிறகும் அங்கேயே நின்று, நெற்றியைச் சொறிந்துவிடச் சொல்லித் தலையை நீட்டும். நான் முதலில் இரண்டடி பின்னால் போவேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதுவே நடந்து வரும்.