ஜூல்ஸ் இர்விங்: சில நாட்களின் குறிப்புகள்

2025 ஏப்ரல் 30, புதன்

நடிகை பிரிசில்லா பாயின்டர் திங்கட்கிழமை காலமானார். அடுத்த மாதம் வந்திருந்தால் 101 வயது. 'டாலஸ்' தொடரில் நடித்தது, 'கேரி' படத்தில் சொந்த மகள் ஏமி இர்விங்குக்கே அம்மாவாக வந்தது என்று செய்திகள் நிரம்பி வழிகின்றன. அவருடைய முதல் கணவர், நாடக இயக்குநர் ஜூல்ஸ் இர்விங்குக்குக் கிடைத்தது ஓரிரு வரிகள்தான். எனக்கு அந்த வரிகள் மேல்தான் கண். எங்கள் சான் பிரான்சிஸ்கோவில் நாடகத்துக்கென்று ஒரு நாற்காலி போட்டவர்களில் அவரும் ஒருவர்.

மே 3, சனி

1925இல் நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஜூல்ஸ் இஸ்ரேல். மேடைக்காகப் பெயர் மாற்றிக்கொள்வது அந்தத் தலைமுறை யூத நடிகர்களிடம் சர்வ சாதாரணம்.

கூட்டாளி ஹெர்பர்ட் பிளாவும் நியூயார்க் யூதர்தான். இருவரும் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் ஆசிரியர்கள். 1952இல் ஆக்டர்ஸ் வொர்க்‌ஷாப் என்று ஒரு குழுவைத் தொடங்கினார்கள். டிவிசடேரோ தெருவில் ஒரு ஜூடோ பள்ளிக்கு மேல்மாடியில் ஒத்திகை. இவர்களுடைய மனைவிமார் பிரிசில்லாவும் பியாட்ரிஸ் மேன்லியும் குழுவின் நடிகைகள்.

அப்போது வெளியூர்களுக்கு நாடகம் என்றால் பெரும்பாலும் நியூயார்க்கின் வணிக அரங்குகளான பிராட்வேயில் ஓடி முடிந்தது சுற்றுப்பயணமாக வருவதுதான். இவர்கள் பிராட்வே தொடத் தயங்கியதை எடுத்துப் போட்டார்கள். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'மதர் கரேஜ்' நாடகத்தை அமெரிக்காவில் முதலில் மேடையேற்றிய தொழில்முறைக் குழு இதுதான், 1956இல்.

பிளாவ் நிறைய எழுதினார், அதனால் வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. இர்விங் நடித்தார், இயக்கினார், கடையையும் பார்த்துக்கொண்டார். அப்படிப்பட்டவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

மே 8, வியாழன்

இன்று ரிச்மண்ட் பாலத்தில் வரும்போது வளைகுடாக் கரையில் சான் குவென்டின் சிறை தெரிந்தது. தினம் பார்க்கிற கட்டடம்தான், ஆனால் இந்த வாரம் வேறு மாதிரி பார்க்கத் தோன்றியது.

1957 நவம்பர் 19. கடைசிவரை வராத ஒருவருக்காக இருவர் காத்திருக்கும் கதையான, ஐரிஷ் நாடகாசிரியர் பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ'வை இந்தக் குழு அங்கே கைதிகளுக்காக நடித்துக் காட்டியது. சுமார் 1,400 பேர் பார்த்தார்கள். 1913இல் சாரா பெர்னார்ட் வந்து நடித்த பிறகு அந்தச் சிறையில் நடந்த முதல் நாடகம் அது. தேர்ந்தெடுத்த காரணம் சப்பென்று இருக்கும்: அதில் பெண் பாத்திரம் கிடையாது.

படித்தவர்களே தலையைச் சொறிந்த நாடகம். கைதிகள் என்ன செய்வார்களோ என்ற பயத்தில், இயக்குநர் பிளாவ் முதலில் மேடையேறி, ஜாஸ் இசை கேட்பதுபோல் பாருங்கள், கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பேசினார். ஆட்டம் பாட்டம் இருக்கும் என்று வந்த சில தடியர்கள், விளக்கு அணைந்ததும் நழுவிவிடலாம் என்று இருந்தார்களாம். கடைசிவரை போகவில்லை என்று சிறைப் பத்திரிகையே எழுதியது. காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இர்விங் போட்டது லக்கி வேடம். கழுத்தில் கயிற்றோடு, மூட்டை சுமந்துகொண்டு, பெரும்பாலும் வாயே திறக்காத அடிமை. திடீரென்று 'யோசி' என்று உத்தரவு வர, முற்றுப்புள்ளியே இல்லாமல் பக்கக் கணக்கில் கொட்டித் தீர்ப்பான். குழுவின் தலைவர்களில் ஒருவர் தனக்கென்று எடுத்துக்கொண்ட வேடம் இது! எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

ரிக் க்ளூச்சி என்ற ஆயுள் கைதியை நாடகம் பார்க்க விடவில்லை. அறையில் இருந்தபடி ஒலிபெருக்கியில் கேட்டார். பிறகு சிறைக்குள்ளேயே நாடகக் குழு உருவானது. வொர்க்‌ஷாப்பைச் சேர்ந்த ஆலன் மேண்டல் போய்ப் பயிற்சி கொடுத்தார். விடுதலையான பின் க்ளூச்சி பெக்கெட்டிடமே வேலை பார்த்தார், அவர் இயக்கத்தில் நடிக்கவும் செய்தார்.

மே 12, திங்கள்

அப்புறம் நியூயார்க் கூப்பிட்டது. 1965இல் அங்குள்ள கலை வளாகமான லிங்கன் சென்டரின் நாடகக் குழுவின் பொறுப்பு இருவருக்கும் வந்தது. நடிகர்கள் பலரையும் அழைத்துக்கொண்டு போனார்கள். அந்த வளாகத்தின் விவியன் போமான்ட் அரங்கின் திறப்புக்குப் போட்ட 'டான்டன்ஸ் டெத்' நாடகத்தை விமர்சகர்கள் கிழித்தார்கள். இங்கே வொர்க்‌ஷாப் அடுத்த வருடமே மூடப்பட்டது. 1967 ஜனவரியில் பிளாவ் விலகினார்.

போயிருக்கக் கூடாது என்பது என் கட்சி. பதின்மூன்று வருடம் ஒரே ஊரில் உட்கார்ந்து உண்டாக்கிய ரசிகர் கூட்டத்தைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போக முடியாது. நண்பர் ஒருவர் மறுக்கிறார்: அந்த வாய்ப்பை விட்டிருந்தால் அவர்களையே யாருக்கும் தெரிந்திருக்காது என்கிறார். சரி, இப்போது மட்டும் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் இர்விங் ஓடிவிடவில்லை. 1972 வரை தாக்குப்பிடித்தார். அந்த வருடம் போமான்ட் அரங்குக்குக் கீழே இருந்த சின்ன அரங்கில் பெக்கெட் விழா நடந்தது. அவருடைய 'நாட் ஐ' நாடகம் முதன்முதலாக உலகில் மேடையேறியது அங்கேதான், ஜெசிகா டாண்டி நடிப்பில். பெரிய அரங்கு படுத்திய பாட்டுக்கு நடுவில் இதையும் செய்திருக்கிறார் என்பது சாதாரணமில்லை.

மே 18, ஞாயிறு

இன்று பிரிசில்லாவின் பிறந்தநாள். இர்விங் லிங்கன் சென்டரை விட்ட பிறகு தொலைக்காட்சிக்குப் போனார், 1979இல் 54 வயதில் இறந்தார். பிரிசில்லா பின்னாளில் மணந்துகொண்டது ராபர்ட் சைமண்ட்ஸை. அவரும் வொர்க்‌ஷாப் நடிகர்தான், நியூயார்க்குக்குக் கூடவே போனவர்.