வெஸ்லே மலையில் மகதலா மரியாவின் ஆலயம்

பிரான்சில், இயேசுவின் சீடரான புனித மகதலா மரியாவின் பெயரைத் தாங்கிய ஆலயங்கள் பல உண்டு. ஆனால் அவரைத் தேடித் திருப்பயணம் செல்வோருக்கு இரண்டு ஊர்களே முதன்மையானவை: தெற்கே ப்ரொவான்ஸ் பகுதியிலுள்ள சேன்-மாக்சிமேன், நடுப்பகுதியில் பர்கண்டியிலுள்ள வெஸ்லே. நானும் என் அக்காவும் வெஸ்லேயைத் தேர்ந்தெடுத்தோம். பாவங்களிலிருந்து மனந்திரும்பியவராக நூற்றாண்டுகள்தோறும் மக்கள் வணங்கிய ஒரு புனிதரின் மலை, தானும் பலமுறை தவறி, பலமுறை திரும்பி வந்திருக்கிறது என்று வாசித்ததே அதற்குக் காரணம்.

பாரிஸிலிருந்து ரயிலில் செர்மிசெல் என்ற சிறிய நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் சாலை வழியே செல்ல வேண்டும். க்யூர் ஆற்றங்கரை வயல்களில் வெள்ளை நிறச் சரொலே மாடுகள் மேய்கின்றன. சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். ஒரு வளைவில் திரும்பியதும் குன்றும், அதன் முதுகில் ஏறும் வீடுகளும், உச்சியில் பேராலயமும் ஒன்றாகத் தெரிகின்றன. சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊர் இது. ஊருக்குள் ஒரே பெரிய தெரு. அது நேராக ஆலய வாசலுக்குத்தான் ஏறுகிறது. ஸ்பெயினிலுள்ள சந்தியாகோவுக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளின் அடையாளமான சிப்பி, தெருவெங்கும் தரையில் பதிக்கப்பட்டிருக்கிறது. அங்கே செல்லும் நான்கு பழைய பிரெஞ்சுப் பாதைகளுள் ஒன்று இங்கிருந்துதான் புறப்படுகிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் ஜிரார் என்ற பிரபு முதலில் பள்ளத்தாக்கில்தான் துறவு மடத்தை நிறுவினார். வடக்கிலிருந்து வந்த கடற்கொள்ளையரான நார்மானியரின் தாக்குதலுக்குப் பிறகு மடம் குன்றின்மேல் இடம்பெயர்ந்தது. மகதலா மரியாவின் திருப்பண்டங்கள், அதாவது அவருடைய எலும்புகள், இங்கே இருப்பதாக 11-ஆம் நூற்றாண்டில் நம்பிக்கை பரவியதும், கூட்டம் வெள்ளமாகத் திரண்டது. 1096-இல் பெரிய ஆலயம் எழுப்பும் வேலை தொடங்கியது. அதற்காக ஊர்மக்கள்மீது ஏறிய வரிச்சுமை கலகமாக வெடித்து, 1106-இல் மடாதிபதி அர்த்தோ கொல்லப்பட்டார். 1120-இல், புனிதையின் திருவிழாவுக்கு முந்தைய இரவில் ஏற்பட்ட தீ விபத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருப்பயணிகள் மடிந்தார்கள் என்று பழைய ஏடுகள் கூறுகின்றன. இன்று நாம் காணும் நடுக்கூடம் அந்தச் சாம்பலின்மேல் எழுந்தது. அழகை மட்டும் பார்த்துத் திரும்புவோர் பலர். ஆனால் இந்தக் கணக்குகளையும் தெரிந்துகொண்டு உள்ளே சென்றால்தான் அங்கே செபம் ஆழமாக வரும் என்று நான் நம்புகிறேன்.

முன்மண்டபத்துக்குள் நுழைந்ததும் வாசலுக்கு மேலேயுள்ள அரைவட்டச் சிற்பம் காலைக் கட்டிப்போட்டு விடுகிறது. நடுவில் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். அவருடைய விரல்களிலிருந்து கதிர்கள் புறப்பட்டுத் திருத்தூதர்கள்மேல் இறங்குகின்றன. ஆடையின் மடிப்புகள் இடுப்பிலும் முழங்காலிலும் சுழன்று சுழன்று ஓடுகின்றன. கல்லில் காற்று வீசுவதைப்போல அந்தச் சிற்பி செதுக்கியிருக்கிறார். தூய ஆவியின் வருகையையும், உலகெங்கும் சென்று நற்செய்தி அறிவிக்கும் பணியையும் ஒருங்கே காட்டும் சிற்பம் இது. அதைச் சுற்றிலும் அந்த நற்செய்தி சென்று சேர வேண்டிய மக்கள் வரிசையாக நிற்கிறார்கள். நாய்த்தலை மனிதர்கள் இருக்கிறார்கள். உடலையே மூடும் அளவுக்குப் பெரிய காதுகள் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஏணி வைத்துக் குதிரைமேல் ஏறும் குள்ளர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் நாய்த்தலையர் வாழ்வதாகப் பண்டைய கிரேக்கர்கள் எழுதி வைத்த செய்தி, இடைக்கால ஐரோப்பா வரை வந்து இந்தக் கல்லில் நிலைத்திருக்கிறது. என் நாட்டைக் கண்ணால் காணாத ஒரு சிற்பி, தன் அறியாமைக்கு நடுவிலும் அந்த மக்களைக் கிறிஸ்துவின் கைக்கு எட்டும் தூரத்தில் அமைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அக்கா நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

நடுக்கூடத்தின் வளைவுகளில் வெள்ளைக் கல்லும் பழுப்புக் கல்லும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய 60 மீட்டர் நீளமுள்ள அந்தக் கூடத்தின் நிழலுக்கு அப்பால், 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட கோதிக் பீடப்பகுதி வெளுப்பாய் ஒளிர்கிறது. வெளிச்சத்தை நோக்கி நடக்கவே இந்த ஆலயம் அமைக்கப்பட்டதைப்போல் இருக்கிறது. ஜூன் மாதத்தில் பகல் மிக நீண்டிருக்கும் நாட்களில், நண்பகல் கதிரவன் தெற்குச் சன்னல்கள் வழியே விழும்போது, ஒளித்திட்டுகள் நடுப்பாதையில் நேர்கோடாகப் பீடம் வரை அமைகின்றன. குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகும் நாட்களில் அதே ஒளி மேலே ஏறித் தூண்களின் தலைப்பகுதிகளைத் தொடுகிறது. இவ்வளவு நுட்பமாகக் கணித்தவர்களின் பெயர்கூட எங்கும் பொறிக்கப்படவில்லை.

தூண்களின் தலைப்பகுதிச் சிற்பங்களுள் தென்புறத்தில் உள்ள ஒன்றை மட்டும் தேடிப் பார்க்குமாறு எல்லோரிடமும் சொல்வேன். ஒருவர் மேலிருந்து தானியத்தை ஓர் இயந்திரத்தில் கொட்டுகிறார். மற்றொருவர் வெறுங்காலுடன் குனிந்து நின்று, கீழே விழும் மாவைச் சாக்கில் பிடிக்கிறார். கொட்டுபவர் மோசே என்றும், பிடிப்பவர் பவுல் என்றும் விளக்குகிறார்கள். பழைய சட்டம் என்ற தானியம், கிறிஸ்து என்ற இயந்திரத்தில் அரைபட்டு, உணவாகும் மாவாக இறங்குகிறதாம். இயந்திரத்தின் சக்கரத்தில் சிலுவை வடிவம் தெரிகிறது. மறையுரைகளில் பல மணி நேரம் கேட்டு விளங்காத ஒன்றை, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் அந்தச் சாக்கு விளக்கிவிடும்.

பீடத்துக்குக் கீழே நிலவறை இருக்கிறது. தரையில் மலைப்பாறையே தெரிகிறது. கம்பிக் கதவுக்குப் பின்னே, பொன்முலாம் பூசிய பேழையில் மகதலா மரியாவின் திருப்பண்டம் வைக்கப்பட்டிருக்கிறது. அக்கா அங்கே மண்டியிட்டுச் செபமாலை சொன்னார். நான் பாறைமேல் அமர்ந்து யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். இங்கே உண்மையைப் பேசியாக வேண்டும். 1267-இல் அரசர் ஒன்பதாம் லூயியின் முன்னிலையில் இங்கே திருப்பண்டங்கள் பேழைக்கு மாற்றப்பட்டன. ஆனால் 1279-இல் ப்ரொவான்ஸில் புனிதையின் உடல் கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டதும், வெஸ்லேக்கு வந்த கூட்டம் சரியத் தொடங்கியது. 1569-இல் சீர்திருத்தச் சபையினர் (புரொட்டஸ்டண்டுகள்) ஆலயத்தைச் சூறையாடினார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மடத்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. 1840-இல், இடிந்து விழும் நிலையிலிருந்த ஆலயத்தைக் காக்கும் பொறுப்பு வியோலே-ல-த்யூக் என்ற 26 வயதுக் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. எலும்புகள் யாருடையவை என்ற வழக்கு என் விசுவாசத்தைத் தொடவில்லை. விடியற்காலையில் கல்லறைக்கு வந்து, அழுது, பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டவர் அவர். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் அவருடைய நாளான ஜூலை 22-ஐத் திருத்தூதர்களின் நாட்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். அவரை நினைத்து ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் அழுத இடம் என்பதே எனக்குப் போதுமானது.

மறுநாள் காலை வடக்குச் சரிவில் இறங்கிக் கொர்தெல் என்ற சிற்றாலயத்துக்குச் சென்றோம். 1146 மார்ச் 31 அன்று, உயிர்ப்புப் பெருவிழா நாளில், க்ளேர்வோ மடத்தின் புனித பெர்னார்டு இந்தச் சரிவில்தான் அரசர் ஏழாம் லூயியின் முன்னிலையில் இரண்டாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். ஆலயத்துக்குள் கொள்ளாத கூட்டம். ஆடையில் தைத்துக்கொள்ளச் சிலுவைகள் போதாமல், அவர் தம் அங்கியையே கிழித்துக் கொடுத்தார் என்பார்கள். அந்தப் போர் தோல்வியிலும் பெரும் உயிர்ச்சேதத்திலும் முடிந்தது. 1190-இல் ஆங்கில அரசர் ரிச்சர்டும் பிரெஞ்சு அரசர் பிலிப்பும் மூன்றாம் சிலுவைப் போருக்கு இங்கிருந்தே புறப்பட்டார்கள். பெர்னார்டு ஒரு புனிதர். இறையன்பைப் பற்றி அவர் எழுதியவை எனக்கு நெருக்கமானவை. ஆயினும் அந்தச் சரிவில் நிற்கையில், சிலுவையை வாளோடு சேர்த்துப் பிடித்தது பெரும் பாவம் என்றே என் மனம் சொன்னது. அதே இடத்துக்குத்தான் 1217-இல் அசிசி பிரான்சிஸின் ஏழைச் சகோதரர்கள் வந்து, பிரான்சில் தங்கள் முதல் இல்லங்களுள் ஒன்றை அமைத்தார்கள். ஆயுதமின்றி வந்தவர்களின் செபம் அங்கே இன்றும் தொடர்கிறது.

மலையின் பெரிய மனமாற்றத்தைப் பேராலயத்தின் பக்கச் சுவரிலேயே பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, பெர்னார்டின் அழைப்புக்கு 800 ஆண்டுகள் நிறைந்தபோது, அமைதிக்கான சிலுவைப் பயணம் ஒன்று நடந்தது. பிரான்சின் பல பகுதிகளிலிருந்தும் இங்கிலாந்து, பெல்ஜியம், லக்சம்பர்க், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்தும் 14 பெரிய மரச் சிலுவைகளை மக்கள் தோளில் சுமந்து, நடந்தே இந்த மலைக்கு வந்தார்கள். அப்போது அருகே போர்க் கைதிகளாக இருந்த ஜெர்மானியர்கள், தாங்களும் வர வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் தங்கள் கையால் செய்து சுமந்து வந்ததுதான் 15-ஆவது சிலுவை. நேற்று வரை ஒருவரையொருவர் கொன்றவர்கள் ஒரே பீடத்தின் முன் நின்ற நாள் அது. மெருகு இல்லாத அந்தக் கரடுமுரடான சிலுவையைக் கையால் தொட்டேன். இத்தனை புகழ்பெற்ற சிற்பங்கள் இருந்தும், வெஸ்லேயில் நான் மிக நீண்ட நேரம் நின்றது அதன் முன்புதான்.

அங்கிருந்து தெற்கே பத்து கிலோமீட்டர் அளவு சென்றால், மொர்வான் காட்டு மலைகளின் விளிம்பில் பசோஷ் கோட்டை மாளிகை இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டுக் கோட்டையான இதை, பதினான்காம் லூயியின் புகழ்பெற்ற கோட்டைப் பொறியாளர் வோபான், மாஸ்ட்ரிக்ட் முற்றுகைக்காகக் கிடைத்த வெகுமதியைக் கொண்டு 1675-இல் வாங்கினார். அவர் நீண்ட கூடம் ஒன்றை அமைத்து, அங்கே தம் பொறியாளர்களுடன் நாட்டின் எல்லைக் கோட்டைகளுக்கான வரைபடங்களைத் தயாரித்தார். ஆன்மிகப் பயணத்தில் போர்க்கலைஞரின் மாளிகை எதற்கு என்று கேட்கலாம். நகரங்களை முற்றுகையிட்டே வாழ்ந்த அந்த மனிதர், நாடெங்கும் பயணம் செய்து கண்ட ஏழைகளின் துயரத்தால் மனம் மாறினார். நாட்டைவிட்டு விரட்டப்பட்ட சீர்திருத்தச் சபையினரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று 1689-இல் எழுதினார். பிரபுக்களும் குருக்களும் உட்பட எல்லோரும் தத்தம் வருமானத்துக்கேற்ப வரி செலுத்த வேண்டும் என்று வாதிட்டு அவர் வெளியிட்ட நூல் 1707-இல் தடை செய்யப்பட்டது. சில வாரங்களிலேயே அவர் இறந்தார். ஊரிலுள்ள சிறிய ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இதயத்தை மட்டும் நெப்போலியன் 1808-இல் பாரிஸுக்குக் கொண்டு போனார். மாளிகையிலிருந்து பார்த்தால் வெஸ்லே மலை தொலைவில் தெரிகிறது. வரிச்சுமையால் ஒரு மடாதிபதி கொல்லப்பட்ட மலையைப் பார்த்துக்கொண்டே ஏழைகளின் வரியைக் குறைக்கச் சிந்தித்தவர் வாழ்ந்த வீடு என்பதை எண்ணி வியந்தேன்.

திரும்பும் வழியில் சேன்-பேர் கிராமத்தின் மாதா ஆலயத்தையும், அதன் அழகிய 13-ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தையும் பார்த்தோம். மாலையில் வெஸ்லேயின் தெருவில் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலான் 1938 முதல் 1944-இல் இறக்கும் வரை வாழ்ந்த வீட்டைக் கண்டோம். இராமகிருஷ்ணர், விவேகானந்தர், காந்தி ஆகியோரின் வாழ்க்கையை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னவர், தம் கடைசி நாட்களுக்கு இந்த மலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மாலைப் புகழ்மாலை என்ற மாலைச் செபத்துக்கு மீண்டும் பேராலயம் சென்றோம். 1993 முதல் இங்கே பணியாற்றும் எருசலேம் துறவுக் குடும்பத்தின் சகோதரர்களும் சகோதரிகளும் வெண்ணிற உடையில், பல குரல்களில் திருப்பாடல்களைப் பாடுகிறார்கள். இந்த மலைக்கு வருவோர் படம் எடுத்துக்கொண்டு மதியமே இறங்கிவிடாமல், இந்தச் செபம் வரை கட்டாயம் தங்க வேண்டும். பாடல் முடிந்து வெளியே வந்தபோது, முதுகுப் பையில் சிப்பி தொங்கவிட்ட ஒரு முதிய தம்பதியைச் சந்தித்தோம். மறுநாள் சந்தியாகோவுக்கு நடக்கத் தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். பாதை ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். எங்களுக்காக அங்கே ஒரு செபம் சொல்லுங்கள் என்று அக்கா கேட்டுக்கொண்டார். அந்த அம்மையார் அக்காவின் பெயரைக் கேட்டு, தம் சிறிய குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.