நன்னடத்தை அலுவலர் கேட்ட கேள்விகள்

என் அக்கா மகனுக்கு 16 வயது நடந்துகொண்டிருந்தபோது, இருசக்கர வாகனத் திருட்டில் அவனைப் பிடித்திருப்பதாக ஓர் அக்டோபர் மாதச் சனிக்கிழமை காலையில் காவல் நிலையத்திலிருந்து அக்காவுக்குத் தகவல் வந்தது. அக்காவின் கணவரான மாமா இறந்து அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. பையன் பத்தாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் தவறி, துணைத்தேர்வும் எழுதாமல், தன்னைவிட நான்கைந்து வயது மூத்தவர்களோடு சுற்றிக்கொண்டிருந்தான். 80 கிலோமீட்டர் தள்ளி மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் நானோ, எப்போதாவது தொலைபேசியில் நாலு வார்த்தை புத்தி சொல்வதோடு தாய்மாமன் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

கைவிலங்கோடு பார்க்க நேருமோ, மறுநாள் பத்திரிகையில் பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் ஓடினோம். 18 வயது நிறையாத ஒருவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், அடையாளம் தெரியும்படி பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்றெல்லாம் 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் இருப்பதை, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமில்லாமல் அமர்த்திக் கொடுத்த வழக்கறிஞர்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். இப்படி ஒரு நிலை யாருக்கேனும் வந்தால், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ முதலில் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். வயது உறுதியானால்தான் மற்றதெல்லாம்.

குழுமம் நான் மனத்தில் வைத்திருந்த நீதிமன்றமாக இல்லை. விசாரணை முடியும்வரை சிறார்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தை ஒட்டிய ஓர் அறை, மேடையில்லை, கூண்டில்லை. ஒரு நடுவரும் சமூகப் பணியாளர்கள் இருவரும் எங்களுக்குச் சமமான தளத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்தார்கள். கூட இருந்த மூத்த பையன்கள் அதே தெருக்காரர்கள் என்பதால், பழைய இடத்துக்கே அவனை அனுப்பத் தயங்கினார்கள். நான் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்த பிறகே, ஒன்பது நாள் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தவனைப் பிணையில் விட்டார்கள்.

அதற்குள் நன்னடத்தை அலுவலர், பையனின் குடும்பச் சூழலைப் பற்றிக் குழுமத்துக்குத் தரும் சமூக விசாரணை அறிக்கைக்காக எங்களைச் சந்தித்திருந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. திருட்டைப் பற்றித்தான் கேட்பார் என்று நான் பதிலைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவரோ, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவான்? யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவான்? அப்பா இறந்த பிறகு எப்போதாவது அழுதானா? பள்ளிக்கூடம் பிடிக்காமல் போனது எந்த மாதத்திலிருந்து?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். அக்கா துணிக்கடை வேலை முடிந்து வீடு திரும்பவே இரவு பத்து மணி ஆகிவிடும். எனக்கு ஒன்றும் தெரியாது. ஏழெட்டுக் கேள்விகளுக்கு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"அவன் அப்பாவின் வண்டி என்ன ஆயிற்று?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு நினைவு வந்தது. மாமாவின் கடனை அடைக்க, காரியம் முடிந்த மூன்றாம் வாரம் நான்தான் அதை விற்றேன். பையன் பள்ளியிலிருந்து வந்து, திண்ணை ஓரத்தில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனான். அவன் கேட்காததால் நானும் சொல்லவில்லை. இந்தத் திருட்டுக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவனும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே எல்லாம் நடந்திருக்கிறது என்பது அன்று எனக்குப் புரிந்தது.

என் வீட்டுக்கு வந்த முதல் மாதம் அவன் பகலெல்லாம் தூங்கினான், இரவெல்லாம் விழித்திருந்தான். ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு மொட்டைமாடியில் தனியாக நின்றவனைப் பார்த்துப் பயந்து, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் தமிழிலேயே நிதானமாகப் பேசியவர், முதலில் அவனைக் கீழே அழைத்து வந்து பக்கத்தில் இருக்கச் சொன்னார். விடிந்ததும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே போனால் பைத்தியப் பட்டம் கட்டிவிடுவார்களே என்று அக்கா தொலைபேசியில் அழுதாள். நான் கேட்கவில்லை. மருத்துவர் மாத்திரை தரவில்லை. தூங்கி எழும் நேரத்தை ஒழுங்கு செய்யச் சொல்லி, வாரம் ஒரு நாள் ஆற்றுப்படுத்துநரைப் பார்க்கச் சொன்னார். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கக் கூடாது என்பது எனக்கிட்ட நிபந்தனை. அதைக் காப்பாற்றுவதுதான் இருப்பதிலேயே கடினமாக இருந்தது.

இரண்டாம் மாதம் சொல்லாமல் பழைய ஊருக்குப் போய் அதே பையன்களைப் பார்த்துவிட்டு வந்தான். நான் கன்னத்தில் அறைந்துவிட்டேன். மறுநாள் நன்னடத்தை அலுவலரிடம் நானே அதைச் சொன்னபோது, "போனவன் திரும்பி வந்தானா இல்லையா? வந்தவனை அடித்தால் அடுத்த முறை எங்கே வருவான்?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கூடவே வண்டியைச் சொல்லாமல் விற்றதற்கும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை.

கடைக்கு வரும்படி நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. மாலையில் தானாக வந்து மூலையில் உட்காருவான். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரோடு பேசிக்கொண்டே காயில் சுற்றியதில் எண்ணிக்கை தவறிப்போய் நான் முழித்தபோது, "நாற்பத்தேழு, மாமா" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. அத்தனை நாளும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

நான்காம் மாதம் விசாரணை முடிந்தது. குழுமம் அறிவுரை கூறி, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் அவனை என் பொறுப்பில் விட்டது. ஏப்ரலில் தனித்தேர்வராக எழுதிய இரண்டு பாடங்களில் அறிவியலில் தேறினான். கணக்கு மறுபடியும் போயிற்று. ஒயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதால், அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்துவிட்டான். நன்றாகத்தான் போகிறது என்று சொல்லலாம். சில நாள் யாரோடும் பேசாமல் இருப்பது இன்னும் உண்டு.

அவனுக்கு இந்த மாதம் 18 முடிகிறது. ஓட்டுநர் பழகுநர் உரிமத்துக்கு என்னென்ன வேண்டும் என்று போன வாரம் கேட்டான். ஆதாரில் இன்னும் பழைய முகவரிதான் இருக்கிறது. திங்கட்கிழமை கடையைச் சற்றுத் தாமதமாகத் திறந்துகொள்ளலாம் என்று, அதை மாற்ற அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.